கடலுக்குப் போறீங்களா? தண்ணீரில் கவனம்!

"நாளைக்கு லீவுதானே... எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்களேன்!"

சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் கைக்கு வந்த வீடுகளில் இந்தக் குரல் கேட்கும். எங்கள் திருத்தங்கலிலும் பக்கத்துச் சிவகாசியிலும் இதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான். திருச்செந்தூர்! முருகனைக் கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, கடலில் ஒரு குளியல் போட்ட மாதிரியும் ஆச்சு. வாரம் முழுக்கக் கந்தக வாடையிலும் காகிதத் தூசியிலும் இருந்துவிட்டு வருகிறவர்களுக்குக் கடல் காற்று நல்ல மருந்து. கைக்குழந்தையும் பள்ளிக்கூடப் பிள்ளையுமாக இருக்கிற இளம் தம்பதிகள் கட்டாயம் போய்வர வேண்டும் என்பதுதான் என் கட்சியும்.

ஆனால், திங்கட்கிழமை காலையில் வைத்தியரைத் தேடி வருகிறவர்களைக் கொஞ்சம் பாருங்கள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. தாய்க்கு நீர்க்கடுப்பு. தகப்பனுக்குத் தோள்பட்டை எல்லாம் கன்றிப் போய்ச் சட்டை போட முடியவில்லை. கூடப் போன பாட்டிக்கு உள்ளங்காலில் கொப்புளம். கேட்டால், "கடல் காத்து ஒத்துக்கலை ஐயா" என்பார்கள்.

கடல் காற்று பாவம், அது என்ன செய்யும்! தப்பு காற்றில் இல்லை. முக்கால்வாசி தண்ணீரில்தான் இருக்கிறது.

கடலுக்குப் போகும் குடும்பம் மூன்று தண்ணீரைக் கவனிக்க வேண்டும். ஒன்று, நமக்குத் தெரியாமலே உடம்பை விட்டு வெளியே போகும் தண்ணீர். இரண்டு, வயிற்றுக்குள் போகும் தண்ணீர். மூன்று, காலைப் பிடித்து இழுக்கும் தண்ணீர். முதல் இரண்டில் அசந்தால் திங்கட்கிழமை வைத்தியரிடம் போக வேண்டியிருக்கும். மூன்றாவதில் அசந்தால் திரும்பி வருவதே சந்தேகம்!

பெண்களே, ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

திருத்தங்கலில் இருந்து சாத்தூர், கோவில்பட்டி, தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் போக எப்படியும் மூன்று மணி நேரம் ஆகிவிடும். காலையில் புறப்படும்போதே பல தாய்மார்கள் ஒரு முடிவோடுதான் வண்டியில் ஏறுகிறார்கள். "வழியில பாத்ரூம் எப்படி இருக்குமோ... தண்ணியே குடிக்க வேண்டாம்!"

பிள்ளைக்குப் பால், கணவருக்குக் காபி எல்லாம் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் தொண்டையை நனைக்காமல் மூன்று மணி நேரம். பிறகு சாமி தரிசன வரிசை. பிறகு கடற்கரை வெயில். மூத்திரம் வந்தாலும் அடக்கிக் கொள்வது. சாயங்காலத்துக்குள் சிறுநீர் மஞ்சளாகிச் சுருக் சுருக்கென்று குத்த ஆரம்பித்துவிடும்.

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. உடம்பு தானாகக் கேட்கிற பதினான்கு விஷயங்களை அடக்கக் கூடாது என்பார்கள். பசி, நீர்வேட்கை, தூக்கம், தும்மல், சிறுநீர், மலம் எல்லாம் அதில் அடக்கம். கடற்கரைப் பயணத்தில் நம் வீட்டுப் பெண்கள் ஒரே நாளில் தாகம், சிறுநீர், பசி என்று மூன்று வேகங்களை அடக்குகிறார்கள்!

சிறுநீர் ஓடிக்கொண்டே இருந்தால் கிருமி தங்காது. தண்ணீர் குடிக்காமலும் அடக்கியும் வைத்தால், தேங்கிய குட்டையில் கொசு பெருகுகிற மாதிரி பையில் கிருமி பெருகும். ஆகவே, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல ஓட்டலாகப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். இதைக் கணவர்மார்கள் பெண்கள் கேட்காமலே செய்ய வேண்டும். பால் கொடுக்கும் தாய் என்றால் இன்னும் கவனம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால்தான் தண்ணீர், சாப்பாடு எல்லாம். தாய் குடித்தால்தான் சேய்க்குக் கிடைக்கும்.

திரும்பி வந்த பிறகு லேசாகக் கடுத்தால் இளநீர், பார்லித் தண்ணீர், நெருஞ்சில் போட்டுக் கொதிக்கவைத்த குடிநீர் கைகொடுக்கும். காய்ச்சலோ குளிரோ விலாவலியோ சேர்ந்தால் கைவைத்தியம் பார்த்துக் கொண்டிருக்கக் கூடாது. கர்ப்பிணிகள் லேசான கடுப்புக்குக்கூட அன்றே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

வண்டியில் வாந்தியா?

பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் குமட்டுவது ஏன் தெரியுமா? உள்காதில் உடம்பின் அசைவைச் சொல்லும் ஓர் அமைப்பு இருக்கிறது. அது "ஆடுகிறோம்" என்று மூளைக்குச் சொல்லும். கண்ணோ கையில் இருக்கும் செல்போனைப் பார்த்துக்கொண்டு "சும்மாதான் இருக்கிறோம்" என்று சொல்லும். இரண்டு சாட்சியும் மாற்றிச் சொன்னால் மூளை குழம்பும். வயிறு புரட்டும்.

எனவே, செல்போனை வாங்கி வையுங்கள். பிள்ளையை ஜன்னல் பக்கம் உட்கார வைத்துத் தூரத்துப் பனைமரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், பூரி மசாலாவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். சுக்கும் ஏலக்காயும் பொடித்துக் கொஞ்சம் பனங்கற்கண்டு சேர்த்து வைத்துக்கொண்டால், பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைக்கு ஒரு சிட்டிகை நாக்கில் வைக்கலாம். நடுவில் நொறுக்கத் தின்ன ஏதாவது கேட்டால் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இருக்கவே இருக்கிறது. வெல்லமும் கடலையும் ஈரப்பசை இல்லாமல் இருப்பதால் வெயிலிலும் கெடாது. மிகச் சிறு பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டாம், கடலை தொண்டையில் சிக்கும்.

உப்பளம் சொல்லும் பாடம்

தூத்துக்குடியைத் தாண்டித் திருச்செந்தூர் சாலையில் போகும்போது முள்ளக்காடு, ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாத்திகளில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. வெயிலும் காற்றும் சேர்ந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போக, உப்பு மட்டும் வெள்ளையாகத் தங்குகிறது.

உங்கள் பிள்ளையின் தோலிலும் இதுவேதான் நடக்கிறது! கடற்கரையில் ஒரு மணி நேரம் விளையாடிய பிள்ளையின் கன்னத்தைத் தடவிப் பாருங்கள், உப்புப் பொரிந்திருக்கும். கடல் உப்பும் உண்டு, வியர்வை உப்பும் உண்டு.

நம் ஊர் வெயிலில் வியர்த்தால் சட்டை நனையும், நமக்குத் தெரியும். கடற்கரையிலோ ஓயாமல் அடிக்கும் காற்று வியர்வையை உடனுக்குடன் எடுத்துக்கொண்டு போய்விடும். போதாதற்கு உடம்பும் நனைந்து ஜில்லென்று இருக்கும். "எங்க வேர்க்குது? குளுகுளுன்னு இருக்கே!" என்று தோன்றும். உள்ளே தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும். கோயில் வரிசையில் நிற்கும்போது நேர் எதிர். அங்கே காற்று இல்லை, ஈரப்பதம் அதிகம். வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது. உடம்பு மேலும் மேலும் வியர்வையைக் கொட்டும். கரிசல்காட்டு வறண்ட வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு இந்தப் புழுக்கம் புதிது.

பிள்ளை "தாகமா இருக்கு" என்று கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். விளையாட்டு மும்முரத்தில் அது கேட்கவே கேட்காது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு நாலு மடக்குக் குடிக்க வையுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர், கண் முன்னால் வெட்டிய இளநீர் எல்லாம் நல்லது. நிறமடித்த பாட்டில் பானங்களில் சர்க்கரைதான் அதிகம்.

பயப்பட வேண்டிய அறிகுறிகள் இவை: நாக்கு வறண்டு போவது, அழுதால் கண்ணீர் வராதது, கண் குழி விழுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, பிள்ளை துவண்டு தூங்கிக்கொண்டே இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

வெயில் மேலே இருந்து மட்டும் வருவதில்லை

"நிழல்லதானே உட்கார்ந்திருந்தோம், எப்படிக் கறுத்தோம்?" என்று கேட்பார்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை மணலும் நுரையும் திருப்பி அனுப்பும். காய்ந்த கடற்கரை மணல் ஏறக்குறைய 15 சதவிகிதத்தையும், அலை நுரை 25 சதவிகிதத்தையும் திருப்பி அனுப்புவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தண்ணீருக்குள் அரை மீட்டர் ஆழத்தில்கூட 40 சதவிகிதம் இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் நிற்பதால் தப்பித்தோம் என்று நினைக்க முடியாது.

ஆகவே, கடல் குளியலைக் காலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். அல்லது மாலை நாலு மணிக்கு மேல் இறங்குங்கள். நடுவில் தரிசனம், சாப்பாடு, ஒரு சின்னத் தூக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு மெல்லிய பருத்தித் துணியில் முழுக்கைச் சட்டை, தலைக்குத் தொப்பி.

தோல் கன்றிவிட்டால் பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டுப் போட்டு எடுங்கள். சோற்றுக்கற்றாழையை வெட்டி, மஞ்சள் பால் வடிய விட்டு, உள்ளே இருக்கும் சோற்றை ஏழு தடவை கழுவித் தடவினால் எரிச்சல் தணியும். பற்பசை, மை எதையும் அப்பாதீர்கள். கொப்புளம் கட்டினால் உடைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது தண்ணீர்: வயிற்றுக்குள் போவது

பிள்ளைகள் அலையில் விழுந்து எழுந்திருக்கும்போது இரண்டு வாய் கடல் நீரைக் குடிக்கத்தான் செய்யும். அதனால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால், நிறையக் குடித்தால் ஆபத்து. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் சிறுநீரகத்தால் அவ்வளவு உப்பை அப்படியே வெளியேற்ற முடியாது. அதைக் கழுவித் தள்ள உடம்பில் இருக்கும் நல்ல தண்ணீரையும் சேர்த்துச் செலவழிக்கும். கடைசியில் கணக்கில் நஷ்டம்தான். வாந்தியும் பேதியும் அதோடு சேரும்.

அப்படி வயிற்றுப்போக்கு வந்தால் முதல் மருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை. அவ்வளவுதான். அளவு மாறக் கூடாது. உப்பு கூடினால் கடல் நீர் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்யும்! ஒவ்வொரு முறை வயிற்றோட்டம் ஆனதும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

கடையில் வாங்கினால் உலக சுகாதார நிறுவன அளவுப்படியான ஓ.ஆர்.எஸ். பொட்டலமாகப் பார்த்து வாங்குங்கள். அதே எழுத்தைப் பெரிதாகப் போட்டு விற்ற சர்க்கரைப் பானங்கள் பல உண்டு. அந்த அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் அந்த எழுத்துகள் இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. பழைய சரக்கு எங்காவது இருக்கலாம், பார்த்து வாங்குங்கள்.

புளியோதரை கட்டிய பாட்டிகள்

நம் பாட்டிமார்கள் ஊருக்குப் போகும்போது ஏன் புளியோதரை கட்டினார்கள்? புளியின் புளிப்பு கிருமியை வளர விடாது. நல்லெண்ணெயும் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சலும் சாதத்தில் ஈரத்தைக் குறைக்கும். இப்போதோ முதல் நாள் ராத்திரி செய்த சிக்கன் பிரியாணியைப் பாத்திரத்தோடு கார் டிக்கியில் வைத்துக்கொண்டு போகிறோம். மூடிய டிக்கியின் சூட்டில் அது மத்தியானம் வரை தாங்காது. சமைத்த இறைச்சி, முட்டை, பால் பதார்த்தம் எதுவும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

கடற்கரை ஊருக்குப் போய்விட்டு மீன் சாப்பிடாமல் வருவதா? தாராளமாகச் சாப்பிடுங்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சூரை, அயிலை மாதிரி மீன்கள் பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிவிடும். பிறகு எவ்வளவு வறுத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். "எனக்கு மீன் அலர்ஜி" என்று பலர் நினைத்துக்கொள்வது இதைத்தான். சாப்பிடும்போது நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுரீரென்றால் அந்த மீனை ஒதுக்கிவிடுங்கள். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி.

மூன்றாவது தண்ணீர்: காலை இழுப்பது

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில், கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். ஒரு கல்யாணத்துக்காக வந்தவர்கள். இன்னும் கொஞ்ச நாளில் டாக்டர்களாக வேண்டிய இளவட்டங்கள். அந்த நாட்களில் கடலில் பெரிய அலைகள் எழும் என்று முன்பே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது.

அந்த அலைக்குப் பெயர் கள்ளக்கடல். கேரளத்து மீனவர்கள் வைத்த பெயர். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில் எங்கோ புயல் அடிக்கும். அதில் எழும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே மேகமும் இருக்காது, பெருங்காற்றும் இருக்காது. வெயில் பளிச்சென்று அடிக்கும்போதே கடல் திருடன் மாதிரி உள்ளே ஏறும். இந்தப் பெயரை 2012-ல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. தென் தமிழகக் கடற்கரைக்கும் இந்த எச்சரிக்கை வருவதுண்டு. பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வரும். அதாவது, பங்குனிப் பொங்கல் முடிந்து, பள்ளிக்கூட லீவும் விட்டு, நாம் குடும்பத்தோடு புறப்படும் அதே சமயம்! ஆகவே, புறப்படும் முன் செய்தியைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் சாமி கும்பிட்டுவிட்டுத் தூரத்தில் இருந்தே கடலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சாதாரண நாளிலும் ஓர் ஆபத்து உண்டு. கரைக்கு வந்த அலைத் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும் அல்லவா? அது மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளமான வழியைப் பிடித்து வேகமாக உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். "இங்க அலையே இல்ல, பிள்ளைக்கு இதுதான் நல்ல இடம்" என்று நாம் தேர்ந்தெடுப்பதும் அந்த இடத்தைத்தான்! மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், பலம் போய்விடும். மிதந்துகொண்டு கையை உயர்த்திக் காட்டுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலகி, பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

2021-ம் வருடம் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவது மாதிரி "அம்மா!" என்று கத்தாது. வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எப்படிக் கத்தும்? சத்தமே இல்லாமல் போய்விடும்.

எனவே, தண்ணீரில் பிள்ளை இருக்கும் வரை பெரியவர் ஒருவருக்கு அதுதான் வேலை. போட்டோ எடுக்கிற வேலை, சுண்டல் வாங்குகிற வேலை எல்லாம் இன்னொருவருக்கு. பிள்ளை கைக்கு எட்டும் தூரத்தில், அதன் முழங்காலளவுத் தண்ணீரில் மட்டும் நிற்கட்டும். கடலுக்கு முதுகு காட்டி நின்று போட்டோ வேண்டவே வேண்டாம். மது அருந்தியவர் கடலில் இறங்கக் கூடாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவரிடம் கொடுக்கக் கூடாது.

மூழ்கியவரைத் தூக்கிவிட்டால்...

தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது இரண்டும் வேண்டாம். வயிற்றுத் தண்ணீர் மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும். அவருக்கு அவசரமாக வேண்டியது மூச்சு. 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, மல்லாக்கப் படுக்க வைத்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து நெஞ்சு மேலே எழும்படி ஐந்து தடவை ஊதுங்கள். அசைவு இல்லை என்றால் நடு நெஞ்சில் 30 தடவை வேகமாக அழுத்துங்கள். பிறகு இரண்டு தடவை ஊதுங்கள். உதவி வரும் வரை 30-க்கு 2 என்று விடாமல் தொடருங்கள். பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரியில் காட்டாமல் ஊர் திரும்பாதீர்கள். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரக்கூடும்.

சொறி மீன் என்கிற ஜெல்லி மீன் பட்டுத் தோல் எரிந்தால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீரும் உடனே ஊற்ற வேண்டாம். ஒட்டியிருக்கும் இழைகளைக் கடல் நீரால் கழுவி, மெதுவாக எடுத்துவிட்டு, பிறகு அந்த இடத்தைப் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள்.

நாழிக்கிணறு சொல்லும் ரகசியம்

திருச்செந்தூரில் கடலில் குளித்துவிட்டு நாழிக்கிணற்றில் குளிப்பது வழக்கம். அலை அடிக்கும் கரைக்கு அவ்வளவு பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர்! மணலுக்குள் இறங்கும் மழைநீர், தன்னைவிடக் கனமான உப்பு நீருக்கு மேலே மிதந்து தங்கும். கடலோரத்தில் நல்ல தண்ணீர் ஊறுவது இப்படித்தான்.

பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வழக்கத்தில் ஆரோக்கியமும் இருக்கிறது. உப்பு தோலில் தங்கினால் ஈரத்தை இழுத்து நமநமவென்று அரிக்கும். தொடை இடுக்கு, அக்குளில் உரசிப் புண்ணாகும். ஆகவே, எந்தக் கடலில் குளித்தாலும் கடைசிக் குளியல் நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும். பிறகு துடைத்துவிட்டுக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தீப்பெட்டி, பட்டாசு வேலையில் விரல் வெடித்திருப்பவர்கள் முன்பே எண்ணெய் தடவிக்கொண்டு இறங்கினால் உப்பு சுள்ளென்று பிடிக்காது. திறந்த புண் இருந்தால் கடலே வேண்டாம். அதிலும் சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குக் கடல் நீரில் உள்ள சில கிருமிகளால் புண் மோசமாகலாம்.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. நண்பகல் மணல் 50 டிகிரிக்கு மேலேகூடப் போகும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது. பாட்டியின் உள்ளங்கால் கொப்புளத்துக்கு இதுதான் காரணம். செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களில் காலை நேரத்திலேயே தரிசனத்தை முடித்துவிடுங்கள். இன்சுலினைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஞாயிறு ராத்திரி முக்கியம்!

"கடைசி வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போவோம்" என்று இருட்டிய பிறகு புறப்பட்டு, நடுராத்திரி வீடு வந்து, காலையில் எழுந்து வேலைக்கு ஓடுவது நம் பக்கத்து வழக்கம். பதினான்கு வேகங்களில் தூக்கமும் ஒன்று என்று சொன்னேன். உப்புக் காற்றில், வெயிலில் களைத்த உடம்போடு ராத்திரி வண்டி ஓட்டுவது முதல் ஆபத்து. தூக்கக் கலக்கத்தோடு திங்கட்கிழமை காலை மருந்துக் கலவை அறைக்குள் போவது இரண்டாவது ஆபத்து. ஓர் உராய்வு போதும் அங்கே. கை தடுமாறக் கூடாத தொழில் நம் தொழில். உங்கள் பக்கத்தில் வேலை பார்ப்பவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எனவே, ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கே கடலுக்குக் கும்பிடு போட்டுவிடுங்கள். எட்டு மணிக்குள் வீடு. ரசம் சாதம், ஒரு டம்ளர் மோர், ஒன்பதரைக்குப் படுக்கை. வெயிலில் அலைந்த உடம்பு சூடு தணியட்டும் என்று மறுநாளே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மறுபடி வெயிலில் போகாதீர்கள். இரண்டு நாள் பொறுத்து, வீட்டில் இருக்கிற நாளில் தேய்த்துக் குளிக்கலாம்.

பையில் எடுத்து வையுங்கள்

* ஆளுக்கு இரண்டு லிட்டர் கணக்கில் காய்ச்சி ஆறிய தண்ணீர்
* ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு, அளக்க ஒரு டீஸ்பூன்
* சுக்கு, ஏலக்காய்ப் பொடி
* சின்னப் புட்டியில் தேங்காய் எண்ணெய்
* குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை, மாற்றுத்துணி
* பெரியவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள்

இத்தனையும் சொன்னதால் "கடலே வேண்டாம்ப்பா" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். வெயிலைத் தவிர்த்து, தண்ணீரைக் குடித்து, பிள்ளையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டால், கடலை மாதிரி மனசை லேசாக்கும் இடம் வேறில்லை. ஈர மணலில் குழி பறித்து, அதில் தண்ணீர் ஊறுவதைப் பார்த்து உங்கள் பிள்ளை சிரிக்கிற சிரிப்புக்கு எந்த லேகியமும் ஈடாகாது. போய்விட்டு வாருங்கள். திங்கட்கிழமை எந்த வைத்தியரையும் தேடாமல் வேலைக்குப் போங்கள். அதுதான் எங்களுக்கு சந்தோஷம்!